வாசலில் ஊதின மூச்சு

எங்கள் தோட்டத்தில் ஓர் ஆம்பளைக்கு வயிறு வீங்கினால் நோய் என்னவென்று சொல்ல டொக்டர் தேவையில்லை. பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்க நிற்கிற பெண்களே பார்த்து முடித்துவிடுவார்கள். ஒருத்தி "கசிப்புக் குடி" என்பாள், அடுத்தவள் "ஈரல் போச்சு" என்பாள், குடம் நிறைவதற்குள் சாவு வீட்டுக்குக் கொழும்பிலிருந்து யார் யார் வந்து சேருவார்கள் என்பது வரைக்கும் பேசியாகிவிடும். கஸ்பருக்கும் அப்படித்தான் நடந்தது. கண் மஞ்சள் பூத்து, கை கால் எல்லாம் குச்சியாகி, வயிறு மட்டும் முன்னால் தள்ளிக்கொண்டு அவன் பெரட்டுக் களத்துக்கு வந்து நின்ற காலையில், வேலை பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்த கண்டாக்கு ஐயா மூக்கைச் சுளித்தார்.

"என்னா கஸ்பர், மறுபடி ஆரம்பிச்சிட்டியா?"

கஸ்பர் ஒன்றும் சொல்லவில்லை. "இல்லீங்க" என்றுகூடச் சொல்லவில்லை. வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே என்று இன்றைக்கு எல்லோரும் அங்கலாய்க்கிறார்கள். அன்றைக்குச் சொல்லியிருந்தால் நாம் நம்பியிருப்போமா என்று மட்டும் ஒருவரும் கேட்டுக்கொள்வதில்லை.

உள்ளதைச் சொல்ல வேண்டும். அவன் ஒரு காலத்தில் குடித்தவன்தான். மகள் றொசானாவின் புதுநன்மை அன்று, வெள்ளை உடுப்பில் பிள்ளைகள் மெழுகுதிரி பிடித்தபடி வரிசையாக அந்தோனியார் கோயிலுக்குள் நுழைய, அவர்கள் பின்னாலேயே கஸ்பரும் அவன் கூட்டாளி செல்லசாமியும் ஒருவர் தோளில் ஒருவர் தொங்கிக்கொண்டு நுழைந்து, நடுக்கோயிலில் விழுந்தார்கள். சுவாமியார் பூசையை நிறுத்தவில்லை. கஸ்பரின் பெண்சாதி இசபெல்தான் நிறுத்தினாள். புருஷனைக் காலரில் பிடித்து இழுத்துக்கொண்டு போய், சுரூபத்தின் காலில் அவன் கையை வைத்து அழுத்தினாள்.

"இனி குடிக்கமாட்டேன்னு சொல்லுங்க."

"குடிக்கமாட்டேன்."

"செல்லசாமி வீட்டு வாசப்படி மிதிக்கமாட்டேன்னு சொல்லுங்க."

கஸ்பர் தயங்கினான். தரையில் கிடந்த செல்லசாமிதான் தலையைத் தூக்கி, "சொல்லு மச்சான், சொல்லிரு. ஊரே பாக்குது" என்றான்.

அதற்குப் பிறகு லயத்து வரிசையில் அவர்கள் குடியிருந்த ஒற்றை அறைக் காம்பராவில் ஒரு வழக்கம் வந்தது. மாலையில் வேலை முடிந்து வருகிற கஸ்பர் வாசற்படியில் நிற்பான். இசபெல் அடுப்படியிலிருந்து எழுந்து வந்து அவன் முகத்துக்கு நேரே முகத்தை வைப்பாள். அவன் ஊதுவான். அவள் மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, "ம், வாங்க" என்று விலகி வழி விடுவாள். லயத்துப் பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரித்து, தங்களுக்குள் ஊதி ஊதி விளையாடினார்கள். கஸ்பருக்குக் கோபம் வரவில்லை. வெயிலென்றும் மழையென்றும் பாராமல் வருஷக்கணக்கில் ஊதினான். பிறகு றொசானாவை ஹட்டனில் கட்டிக்கொடுத்து அனுப்பிய அன்று, வழக்கம்போலப் படியில் வந்து நின்றவனிடம் இசபெல், "இனிமே ஊத வேணாங்க. நா ஒங்கள நம்புறேன்" என்றாள். அவன் கல்யாணத்துக்குப் போட்ட புதுச் சட்டையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனான். அவர்கள் இருவருக்கும் அதற்கு மேல் ஒரு சந்தோஷம் வேண்டியிருக்கவில்லை.

இப்போது செல்லசாமியின் வீட்டுக்குப் போகும் பாதையைச் சொல்ல வேண்டும். பட்டிப்பொல பக்கம் ஏறிப் போகிற ரயில் ரோட்டுக்கு மேலே, தேயிலை முடிந்து காடு தொடங்குகிற இடத்தில் அவனுக்கு ஒரு தகரக் குடிசை. சுற்றிலும் கொஞ்சம் மரக்கறித் தோட்டம். முன்பு அங்கே கசிப்புக் காய்ச்சினான். பொலிஸ் வந்து பானைகளை உடைத்துப் போட்ட பிறகு அதை விட்டுவிட்டு பீட்ரூட்டும் லீக்ஸும் போட்டான். நிலம் தோட்டத்துக்குச் சொந்தம், பயிர் செய்கிற வரைக்கும் யாரும் கேட்கமாட்டார்கள். பானை போனாலும் பாதையின் பெயர் போகவில்லை. அந்தப் பாதையில் ஒருவன் ஏறினால் குடிக்கத்தான் ஏறுகிறான் என்பது எங்கள் தீர்மானம்.

போன மழைக்காலத்தில் கஸ்பர் அந்தப் பாதையில் ஏறினான். ஒரு நாள் அல்ல, தினமும். தேயிலைச் செடிகளை மட்டமாகக் கவ்வாத்து வெட்டி முடிந்ததும், கத்தியைச் சாக்கில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பனிமூட்டத்துக்குள் மேலே போவான். இருட்டுகிற நேரத்துக்கு இறங்கி வருவான். இதை முதலில் பார்த்தவள் காளியாயி. அவளிடம் ஒரு சேதி அகப்பட்டால் கொழுந்துக் கூடை நிறைவதற்கு முன்னால் மலை முழுக்கப் போய்விடும்.

"இசபெல்லக்கா, ஒங்க வீட்டுக்காரரு ரயில் ரோட்டுக்கு மேல போறாரு போல?" என்றாள், நிரையில் பக்கத்தில் நின்று கிள்ளிக்கொண்டே.

இசபெலின் கை நிற்கவில்லை. "போனா போறாரு" என்றாள். மட்டம் பார்க்கிற மட்டக்கம்பைச் செடி மேல் போட்டு, அதற்கு மேலே துருத்திய கொழுந்தை எல்லாம் கிள்ளிக் கூடைக்குள் எறிந்தாள். அன்று அவள் எடுத்த கொழுந்தில் பாதி முற்றல் என்று கணக்கப்பிள்ளை திட்டினார்.

அன்று மாலை கஸ்பர் வந்து வாசற்படியில் நின்றான். உள்ளே வராமல் நின்றுகொண்டேயிருந்தான். இசபெல் திரும்பிப் பார்க்கவில்லை. ரொட்டியையும் கட்டச்சம்பலையும் தட்டில் போட்டு நங்கென்று தரையில் வைத்தாள். கேட்டிருக்கலாம். "எங்க போனீங்க" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் நம்புகிறேன் என்று ஒரு தடவை வாய்விட்டுச் சொன்ன பெண்ணுக்கு, மறுபடி முகத்தை நீட்டி ஊதச் சொல்வது தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்வதாக இருந்தது. அவள் பாயைச் சுவரோரம் தள்ளிப் போட்டுக்கொண்டு படுத்தாள். அவளுடைய கோபம் அப்படிப்பட்டது, சத்தம் போடாது, சமைத்தும் போடும்.

பிறகுதான் காய்ச்சல் வந்தது. அந்தி சாய்ந்தால் உடம்பு கொதிக்கும். விடியும்போது கம்பளி நனைந்து கிடக்கும், அந்தக் குளிரிலும். சோறு இறங்கவில்லை. கவ்வாத்துக் கத்தியை ஓங்கினால் கை நடுங்கியது. இசபெல் அவனைத் தோட்டத்து டிஸ்பென்சரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். டிஸ்பென்சர் ஐயா அவன் கண்ணை விரித்துப் பார்த்தார், வயிற்றைத் தட்டிப் பார்த்தார், அவனிடம் ஒன்றும் கேட்காமல் இசபெலிடம் கேட்டார்.

"குடிக்கிறானா?"

"ஆமாங்க. தெனமும் அந்தியில போறாருங்க."

கஸ்பர் அவளைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வையை அவள் அப்போது குற்றமுள்ள நெஞ்சின் பார்வை என்று எடுத்துக்கொண்டாள். டிஸ்பென்சர் ஐயா சத்து மாத்திரையும் வயிற்றுக்கு ஒரு வெள்ளைத் தண்ணியும் கொடுத்து, "மொதல்ல குடிய விடு, அப்புறம் மருந்து கேளு" என்று அனுப்பினார். மழைக்காலம் முடிந்து பனிக்காலம் வரும் வரைக்கும் அதே வெள்ளைத் தண்ணிதான்.

தைக்குளிரில் பனி விழுந்து கொழுந்தெல்லாம் கருகிக் கிடந்த ஒரு காலையில் கஸ்பர் கவ்வாத்து மலையிலேயே விழுந்தான். ஆட்கள் கம்பளியில் போட்டு ரயிலடிக்குத் தூக்கி வந்தார்கள். நானுஓயாவில் இறக்கி, அங்கிருந்து வேனில் நுவரெலியா பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். இசபெல் வேலைக்கு இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கை அவிழ்க்கக்கூட நேரமில்லாமல் அப்படியே ஏறிப் போனாள்.

வாட்டில் இருந்த டொக்டர் ஒரு சின்ன வயதுச் சிங்களப் பெண். தமிழைத் தட்டுத் தடுமாறிப் பேசினாலும் விடாமல் பேசினாள்.

"அம்மா, இவர் குடிக்கிறதா?"

"ஆமாங்க நோனா."

"நீங்க கண்டதா?"

"கண்ணால காணல. ஊரே சொல்லுது."

"வீட்டுக்கு வந்தா மணம் வாறதா? கசிப்பு மணம்?"

இசபெல் யோசித்துப் பார்த்தாள். அத்தனை மாதத்தில் ஒரு நாள்கூட அந்த மணம் வந்ததாக அவளுக்கு ஞாபகம் இல்லை. மணக்கிற தூரத்துக்கு அவள் போகவுமில்லை.

"நா கிட்ட போகலங்க" என்றாள்.

அந்தி அந்தியாக வந்த காய்ச்சல் டொக்டருக்குச் சரியாகப் படவில்லை. எக்ஸ்ரே எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், வயிற்றில் தேங்கிய தண்ணீரை உறிஞ்சிப் பார்த்தார்கள், பிறகு ஊசி போட்டு ஈரலில் ஒரு சின்னத் துண்டு எடுத்து அனுப்பினார்கள். முடிவு வந்த அன்று டொக்டர் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்து இசபெலுக்குக் காட்டினாள். நெஞ்சு முழுக்க ரவையைத் தூவிவிட்டது போலப் பொடிப் பொடியாக வெள்ளை.

"இது டீபி. நெஞ்சில் மட்டும் இல்லை. ரத்தத்தில் போய் உடம்பு எல்லாம் போனது. ஈரலிலும் இருக்கிறது. அதுதான் மஞ்சள், அதுதான் வயிறு. குடியால் வந்தது இல்லை, அம்மா."

தமிழ் தெரிந்த நேர்ஸ் ஒருத்தி மிச்சத்தை விளங்கப்படுத்தினாள். இதற்கு மாத்திரை இருக்கிறது, நல்ல மாத்திரை, பல மாதம் ஒரு நாள் தவறாமல் போட வேண்டும். ஆனால் அந்த மாத்திரையும் ஈரலைத்தான் உரசிப் பார்க்கும். ஏற்கெனவே புண்ணான ஈரல் தாங்குமா தாங்காதா என்று ரத்தம் எடுத்து எடுத்துப் பார்க்க வேண்டும். மருந்து கொடுக்காவிட்டால் ஆள் போய்விடுவார். கொடுத்தாலும் கவனமாக இருக்க வேண்டும். குடி ஒரு சொட்டுக்கூட ஆகாது.

இசபெல் தலையை ஆட்டிக்கொண்டே நின்றாள். புருஷன் குடிக்கவில்லை என்று கேட்டதும் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. குடிக்கவில்லையென்றால் அந்தியில் அந்த ஆள் எங்கேதான் போனார்? ரயில் ரோட்டுக்கு மேலே எவள் இருக்கிறாள் என்று ஒரு நிமிஷம் லயங்களை எல்லாம் மனதில் எண்ணிப் பார்த்தாள். அங்கே காடும் செல்லசாமியும் தவிர ஒன்றும் இல்லை.

கஸ்பரிடம் டொக்டர் கேட்டாள், பக்கத்தில் யாருக்காவது டீபி உண்டா என்று. கஸ்பர் யோசித்துவிட்டு, "அப்பிடி யாருமில்லீங்க" என்றான். அவன் பொய் சொல்லவில்லை, அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

மாத்திரை தொடங்கிய மறுநாள் இசபெல் கஞ்சி எடுத்துக்கொண்டு போனபோது அவன் கட்டிலில் இல்லை. கக்கூஸ் பக்கத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். மூக்கையும் வாயையும் மூடிக் கட்டியிருந்த துணிக்கு மேலே கண் இரண்டும் மிரண்டு கிடந்தது.

"என்னாங்க? தலைய சுத்துதா?"

"மூத்திரம் செவப்பா போகுது."

"அது மாத்திரையால வாரதாம். நேர்ஸம்மா நேத்தே சொன்னாங்களே, பயப்படக் கூடாதுன்னு."

"பயமில்ல புள்ள." அவன் மெதுவாக வந்து சுவரோரத்து வாங்குப் பலகையில் உட்கார்ந்தான். "இந்தச் செவப்ப நா முன்னாடி பாத்திருக்கேன்."

"எங்க?"

"செல்லசாமி ஒண்ணுக்குப் போற சட்டியில."

இசபெல் கஞ்சிப் போத்தலைக் கீழே வைத்தாள்.

"அப்ப போனது நெசம்."

"நெசம்."

"சுரூபத்துல கை வச்சு சத்தியம் பண்ணிட்டு."

"குடிக்கப் போகல இசபெல்லு. கவ்வாத்து முடிஞ்சு எல்லை மரம் பாக்க மேல போனேன். பாத்திக்குள்ள குப்புற விழுந்து கெடந்தான். மழை கொட்டுது. தூக்கிட்டுப் போயி உள்ள போட்டேன். ஒடம்புல ஒண்ணுமில்ல, வெறும் எலும்பு. மகன்காரன் வெளிநாடு போனவன் திரும்பியே பாக்கல. விட்டுட்டு வரச் சொல்றியா?"

"என்னா நோவுன்னு சொன்னான்?"

"இழுப்புன்னான். அப்பன் வழியில வாரதாம். நானும் நம்புனேன். கஞ்சி காச்சிக் குடுத்தேன், ஒடம்பு தொடச்சேன், பாத்திக்குக் களை புடுங்குனேன். இருமி இருமிச் சாவான், முதுகத் தடவி விடுவேன். செவப்பா ஒரு மாத்திரை வச்சிருந்தான். ரத்தம் ஊறுற மாத்திரைன்னான். நெனச்சா ஒண்ணு போடுவான், இல்லாட்டி இல்ல. நாந்தான் எடுத்துக் குடுப்பேன். அதே மாத்திரையத்தான் நேத்து நேர்ஸம்மா எங் கையில வச்சாங்க. எங்கேயோ பாத்தாப்புல இருக்கேன்னு நெனச்சேன். இன்னைக்குத்தான் வெளங்குது."

"சட்டியில செவப்பா பாத்தப்ப கேக்கலியா?"

"கேட்டேன். ரத்தம்னு பயந்துட்டேன். சிரிச்சான். பீட்ரூட் தின்னேன்டா மச்சான்னான். பீட்ரூட் தோட்டத்துலதானே இருக்கான், நானும் சிரிச்சேன்."

சொல்லிவிட்டு அவன் இப்போது சிரிக்கப் பார்த்தான். வரவில்லை. கட்டியிருந்த துணி நனைந்தது.

"தெரிஞ்சிருக்கு புள்ள. அவனுக்கு என்னான்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. எம் மூஞ்சியப் பாத்துக்கிட்டே இருமியிருக்கான்."

இசபெல் அவன் தோளைத் தொட்டாள். பிறகு கையை எடுத்தாள். அவளுக்கும் கேட்க ஒன்று இருந்தது.

"ஊரே குடிகாரன்னு சொன்னிச்சே. அப்பயாச்சும் எனக்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ விடுவியா? அவன் பேரச் சொன்னாலே ஒனக்கு ஆகாது. கண்டாக்குக்குத் தெரிஞ்சா நோயாளிக்கு எதுக்கு நெலம்னு புடுங்கிருவாங்க, யாருக்கும் சொல்லாதேன்னு அவன் வேற கையப் புடிச்சு அழுதான். குடிக்கலேன்னு ஊருக்குச் சொல்லணும்னா எங்க போனேன்னும் சொல்லணும்ல?"

"நா ஊரா?"

கஸ்பர் முகத்துத் துணியின் முடிச்சை இறுக்கிக் கட்டிக்கொண்டான்.

"நா தெனமும் படியில நின்னேன் இசபெல்லு. நீ வந்து ஊதச் சொல்லுவேன்னு நின்னேன். ஊதியிருந்தா ஒனக்குத் தெரிஞ்சிருக்கும். நீ திரும்பியே பாக்கல. டிஸ்பென்சர் ஐயா கேட்டப்ப நா வாயத் தொறக்குறதுக்கு முன்னாடி நீ ஆமான்னுட்ட."

பார்வையாளர் நேரம் முடிந்ததென்று மணி அடித்தது. கஞ்சி ஆறிப் போயிருந்தது. இசபெல் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வழி முழுக்க அழுதாள்.

மறுநாள் அவள் வேலைக்குப் போகவில்லை. ரயில் ரோட்டைக் கடந்து, புருஷன் ஏறின பாதையில் ஏறினாள். பாதையில் ஒரு பிடி மண்ணை அள்ளிக்கொண்டாள். செல்லசாமி முகத்தில் அதைத் தூற்றி, நாசமாய்ப் போ என்று சொல்லிவிட்டு வருவதுதான் அவள் எண்ணம்.

செல்லசாமி வாசலில் சாக்கு விரித்து உட்கார்ந்து பீட்ரூட்டுக்கு இலை அறுத்துக்கொண்டிருந்தான். ஆள் மெலிவுதான், ஆனாலும் உட்கார்ந்து வேலை செய்கிற அளவுக்குத் தேறியிருந்தான். கஸ்பரின் கஞ்சி வேலை செய்திருந்தது.

"வா தங்கச்சி. கஸ்பரு எப்பிடி இருக்கான்?"

"தங்கச்சின்னு கூப்புடாத. ஒனக்கு என்னா நோவு?"

செல்லசாமி கத்தியை வைத்தான். இருமினான். இருமி முடித்து நெடுநேரம் மூச்சு வாங்கினான்.

"டீபி" என்றான்.

"எப்ப தெரியும்?"

"ரொம்ப நாளா தெரியும். கிளினிக்குல மாத்திரை குடுத்தாங்க. கொஞ்ச நா ஒழுங்கா போட்டேன், நல்லா இருந்திச்சு. அப்புறம் அவ்வளவு தூரம் போக முடியல, விட்டுட்டேன். மிச்சம் இருந்தத வச்சு நெனச்சப்ப போட்டேன்."

"அவருக்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா வருவானா?"

அவன் அதைக் கெட்டிக்காரத்தனமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே கேட்டான்.

"பொஞ்சாதி செத்த பொறகு என்னைய ஒரு மனுசன் தொட்டதில்ல தங்கச்சி. அவன் வந்து நெத்தியில கை வச்சான். டீபின்னா கைய எடுத்துருவானேன்னு பயந்தேன். நாளைக்குச் சொல்லுவோம், நாளைக்குச் சொல்லுவோம்னே இருந்துட்டேன்."

"எடுத்துருக்க மாட்டாரு" என்றாள் இசபெல். "மூக்குல ஒரு துணியக் கட்டிக்கிட்டு வந்திருப்பாரு. அவ்வளவுதான். அந்த ஒரு துணிக்குக்கூட நீ வழி விடலியே, பாவி."

செல்லசாமி தலையைக் குனிந்துகொண்டான். இசபெல் மண் பிடித்த கையை ஓங்கினாள். அப்போதுதான் அவனுக்குப் பின்னால் இருந்த பாத்திகளைப் பார்த்தாள். ஒவ்வொரு பாத்தியின் ஓரமும் கவ்வாத்து வெட்டின தேயிலையைப் போல மட்டமாக, நேராக இருந்தது. கஸ்பர் கை வைத்த வேலை. காய்ச்சலோடு வந்து, குடிகாரன் என்று பெயர் வாங்கிக்கொண்டு, இங்கே ஓரம் வெட்டியிருக்கிறான். அவள் கையைத் தாழ்த்தி மண்ணை அந்தப் பாத்தியிலேயே போட்டாள்.

"டிஸ்பென்சரி மிஸ்கிட்ட சொல்லப் போறேன். கிளினிக்கு ஜீப்பு வரும். ஓடிறாத."

"எங்க ஓட?" என்றான் செல்லசாமி.

ஜீப் வந்தது. அவன் சளியைப் பரிசோதித்து அவனுக்கும் முதலிலிருந்து மருந்து தொடங்கினார்கள். இசபெலையும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து ஒன்றும் இல்லை என்றார்கள். கஸ்பரை வீட்டுக்கு விட்டபோது, தினமும் காலையில் டிஸ்பென்சரி விறாந்தையில் மருத்துவிச்சி சண்முகவடிவு மிஸ் முன்னால் மாத்திரையை விழுங்க வேண்டும் என்று ஏற்பாடு. செல்லசாமிக்கும் அதே விறாந்தை, அதே வாங்கு. இருவரும் வாங்கின் இரண்டு நுனியில் துணி கட்டிய முகத்தோடு உட்கார்ந்தார்கள்.

"மச்சான்" என்பான் செல்லசாமி.

கஸ்பர் எதிரே இருக்கிற மலையைப் பார்ப்பான்.

"ஒருக்கா திட்டியாச்சும் தொலையேன், மச்சான்."

கஸ்பர் மாத்திரையை விழுங்கி, வாயைத் திறந்து மிஸ்ஸுக்குக் காட்டிவிட்டு, எழுந்து போய்விடுவான். டிஸ்பென்சர் ஐயா அந்த நேரத்தில் உள் அறையை விட்டு வெளியே வருவதில்லை.

காய்ச்சல் விட்டது. கஸ்பர் ஒரு ரொட்டி முழுசாகத் தின்றான். பெருமூச்சு விடலாம் என்று இசபெல் நினைத்த வாரத்தில் அவன் கண் மறுபடியும் மஞ்சளானது. தின்றதெல்லாம் வாந்தி. பீலிக்கரையில் காளியாயி குடத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "பாத்தீங்களா, நா சொன்னேன்ல" என்றாள். நோய் குடியால் வந்ததல்ல என்று ஜீப்பில் வந்தவர்கள் லயம் லயமாகச் சொல்லிவிட்டுப் போன பிறகும் எங்கள் ஆட்களுக்கு அந்த ஒரு சந்தேகத்தில்தான் சுகம்.

மறுபடி ரயில், மறுபடி நானுஓயா, மறுபடி அதே வாட்டு. ரத்தம் பார்த்த டொக்டரின் முகம் சரியில்லை. ஈரல் மோசமாகியிருந்தது. மாத்திரையை எல்லாம் உடனே நிறுத்தச் சொன்னாள். பிறகு கட்டிலின் இந்தப் பக்கம் நின்ற இசபெலைப் பார்த்தாள்.

"அம்மா, நான் மறுபடி கேட்க வேணும். மாத்திரையால் இப்படி வரலாம். குடித்தாலும் வரலாம். இவர் குடித்ததா?"

கஸ்பர் தலையணையில் கிடந்தபடி இசபெலைப் பார்த்தான். டிஸ்பென்சரியில் பார்த்த அதே பார்வை. இந்தத் தடவை அது என்ன பார்வை என்று அவளுக்குத் தெரிந்தது.

"இல்லீங்க நோனா."

"நிச்சயமா? மணந்து பார்த்ததா?"

"மணந்து பாக்கல. பாக்கத் தேவையில்ல. அவரு குடிக்கல."

டொக்டர் தலையசைத்தாள். "அப்ப மாத்திரைதான்" என்று நேர்ஸிடம் சிங்களத்தில் சொன்னாள். ஈரலைத் தொடாத மருந்தை முதலில் கொடுத்து, ஈரல் தணிந்த பிறகு பழைய மாத்திரைகளை ஒவ்வொன்றாக, ரத்தம் பார்த்துப் பார்த்துச் சேர்ப்பதென்று முடிவானது. எது ஒத்துவரவில்லையோ அது கிடையாது. நாள் கூடப் போகும், ஆள் தப்பலாம்.

இசபெல் கஸ்பர் பக்கம் திரும்பினாள். அவனிடமிருந்து ஒரு வார்த்தை, இல்லாவிட்டால் ஒரு சிரிப்பு வரும் என்று பார்த்தாள். அவன் கண்ணை மூடியிருந்தான். அந்த "இல்லீங்க" போன மழைக்காலத்தில் வந்திருக்க வேண்டியது.

ஆள் தப்பினான். மாத்திரைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன, ஒன்று மட்டும் வரவேயில்லை. வயிறு வற்றியது, கண் வெளுத்தது. அடுத்த மழை தொடங்குகிற சமயத்தில், இனி அவனிடமிருந்து யாருக்கும் தொற்றாது, முகத்துத் துணியும் வேண்டாம், இலேசான வேலைக்குப் போகலாம் என்று கிளினிக்கில் சொன்னார்கள். கண்டாக்கு ஐயா அவனுக்கு நாற்றுமேடையில் வேலை கொடுத்தார். பழைய பேச்சைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவனும் எதிர்பார்க்கவில்லை.

வேலைக்குப் போன முதல் நாள் மாலை கஸ்பர் லயத்துக்கு வந்தான். கால் பழக்கத்தில் வாசற்படியில் நின்றது. இசபெல் ஒரு ரொட்டியைக் கல்லில் போட்டுவிட்டு அடுத்ததுக்கு மா பிசைந்துகொண்டிருந்தாள். கையைக்கூடக் கழுவாமல் எழுந்து ஓடி வந்தாள். அந்தக் காலத்தில் போலவே முகத்தை அவன் முகத்துக்கு நேரே வைத்தாள். அன்று முழுக்க அவள் இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். ஊதட்டும், மணந்து பார்க்க அல்ல, சும்மா, அந்த மூச்சு தன் முகத்தில் படட்டும் என்று.

"ஊதுங்க" என்றாள்.

கஸ்பர் அவளையே பார்த்தான். கோபமில்லாமல் பார்த்தான். அவன் கை தானாக எழுந்து, துணி இல்லாத வாயைப் பொத்திக்கொண்டது.

"வேணாம் புள்ள" என்றான் கைக்குள்ளிருந்து. "ஊத வேணாம்னு நீதானே சொன்ன?"

அவள் மேல் படாமல் பக்கவாட்டில் ஒதுங்கி உள்ளே போய், பலகையில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினான். இசபெல் மாவுக் கையோடு அந்தப் படியிலேயே நின்றாள். ரயில் ரோட்டுப் பக்கமிருந்து மழை இறங்கி வந்துகொண்டிருந்தது. உள்ளே அவன், "ரொட்டி கருகுது" என்றான்.